ஏத்தம் என்று மூன்று முறை

எங்கள் சுரங்கத்தில் சென்ற மாதம் மின்சார மணி ஒன்றைப் பொருத்தினார்கள். பழைய குழியின் தண்ணீர் குறித்த மட்டத்தைத் தாண்டினால் அது தானே அடிக்கும். பார்த்துச் சொல்ல ஓர் ஆளும் வேண்டாம், கேட்டு நடக்க ஓர் ஆளும் வேண்டாம். அதைச் சோதித்துப் பார்த்த அன்று, ஓய்வு பெற்றுவிட்ட என்னையும் மரியாதைக்காக அழைத்திருந்தார்கள். மணி வருவதற்கு முன் அந்த வேலையை நான் எப்படிச் செய்து வந்தேன் என்று எழுதித் தரும்படி எங்கள் சபையின் மாதர் சங்கத்துப் பெண்கள் அதன்பிறகு கேட்டார்கள். எழுதும் ஆவல் எனக்கு அதிகமில்லை. வாழ்நாளின் பெரும்பகுதி ஒரு பேனா இழுத்த கோட்டைப் பார்த்தே கழிந்தது; இப்போது எந்தக் கோட்டைக் கண்டாலும் கண் தானாக மூடிக்கொள்கிறது. ஆயினும் மணியைச் சோதித்த அன்று நான் கண்ட ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் கடலிலிருந்து தொடங்க வேண்டும்.

நாகப்பட்டினத்தில் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே சிறிது காலம் பாடம் சொல்லிக் கொடுத்து, பிறகு சர்வே இலாகாவில் எழுத்தராக இருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டேன். அவருக்கு வேலை துறைமுகத்து மரப்பாலத்தின் நுனியில் இருந்த தகரக் கொட்டகையில். கடலின் ஏற்ற இறக்கத்தைத் தானே எழுதிக்கொள்ளும் பொறி ஒன்று அங்கே இருந்தது. கடலுக்குள் நிற்கும் ஓர் இரும்புக் குழாய். அதன் அடியில் சிறு துளை. துளை சிறிதாக இருப்பதால் அலையின் குலுக்கல் உள்ளே வராது. கடல் மெதுவாக உயர்வதும் தாழ்வதும் மட்டும் வரும். குழாய்க்குள் ஒரு செப்பு மிதவை, மிதவையிலிருந்து மேலே ஒரு கம்பி, கம்பியின் மறுமுனையில் பேனா. கடிகாரத்தால் சுழலும் உருளையில் சுற்றிய காகிதத்தின்மீது அந்தப் பேனா இரவும் பகலும் எழுதிக்கொண்டிருக்கும். காகிதத்தைக் கழற்றியபின் மணிக்கு மணி அந்தக் கோடு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்தெழுத வேண்டும். என் கணவர் அந்த வேலையை வீட்டுக்குக் கொண்டுவருவார். நானும் உடன் உட்கார்ந்து அளப்பேன். காய்ச்சலில் அவர் போன பிறகு, அளப்பதில் என் கை சுத்தம் என்று சொல்லி, இலாகா அந்த வேலையை எனக்கே விட்டது. அப்படிச் சொன்னவர் கொட்டகையின் மேற்பார்வையாளர் சவரிமுத்து.

சவரிமுத்துவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவரும் கடற்கரைக்காரர், கத்தோலிக்கர், ஒல்லியானவர். யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார், யாரிடமும் சிரிக்கவுமாட்டார். காகிதத்தைத் தொடுமுன் நல்ல தண்ணீரில் கை கழுவி, துடைக்காமல் காற்றில் உலர விடுவார். துணியில் துடைத்தால் நூல் ஒட்டும் என்பார். பேனாவின் முனையை மான்தோல் துண்டால் ஒருமுறை, ஒரே திசையில் துடைப்பார். 'நினைக்கிறேன்' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. தெரிந்தால் சொல்வார், இல்லையானால் "தெரியாது" என்பார். கொட்டகைக்கு அவர் விதித்த சட்டம் ஒன்றே ஒன்று: பேனா இழுத்த கோட்டை யாரும் திருத்தக்கூடாது, கோடு தவறென்று தெரிந்தாலும் அழிக்காமல், பக்கத்தில் காரணத்தை எழுத வேண்டும்.

அந்தச் சட்டத்தின் பெருமையை ஒருநாள் கண்டேன். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அமைதியாக இருந்த பகல். காற்றில்லை. படகுக்காரர்கள் பாய் விரிக்க வழியின்றிப் பாலத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பேனாவோ ரம்பத்தின் பல்லைப்போல மேலும் கீழுமாக எழுதத் தொடங்கியது. குழாயின் துளை அடைத்துக்கொண்டதோ என்று ஆளை இறக்கிப் பார்த்தோம். துளை சுத்தமாக இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தோம், சரியாக ஓடியது. படகுக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் ஓவர்சியரே, உங்க பேனாவுக்குப் பேய் புடிச்சிருச்சா? மாதா கோயிலுக்கு எடுத்துட்டுப் போய் மந்திரிங்க" என்றார்.

அந்தப் பற்களைச் சமன்செய்து ஒரே கோடாக அனுப்பிவிடலாமே, மேலே இருப்பவர்கள் பொறியைப் பழுதென்று எண்ணிவிடுவார்களே என்று நான் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமலே, "எஸ்தரம்மா, கடல் என்ன செஞ்சுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. அப்போ தெரிஞ்சது பேனா மட்டும்தான். அதை அப்படியே விடுங்க."

காகிதத்தின் ஓரத்தில் 'காற்றில்லை. துளை சுத்தம். கடிகாரம் சரி. காரணம் தெரியவில்லை' என்று எழுதினார். நாட்கள் கடந்தபின், கிழக்கே வெகுதொலைவில் ஒரு தீவில் எரிமலை வெடித்துக் கடல் பொங்கியதென்றும், அந்த அலையின் கடைசி மூச்சைத்தான் எங்கள் பேனா எழுதியதென்றும் தெரியவந்தது. பத்திரிகைக்கு முன்னால், தந்திக்கு முன்னால் பேனாவுக்குத் தெரிந்திருந்தது. அன்றுமுதல் நாங்கள் இருவரும் அந்தப் பொறியை முழுமையாக நம்பினோம். தண்ணீர் என்ன செய்கிறது என்பது பேனாவுக்குத் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் எளிது என்றும் எண்ணத் தொடங்கினோம். அது உண்மையல்ல என்று அறிய நான் கோலார் தங்கவயலுக்கு வர வேண்டியிருந்தது.

நாகப்பட்டினத்துக் கடலின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடச் சில வருடங்களின் காகிதம் போதும் என்று கொட்டகையை மூடினார்கள். பொறியை விலைக்குக் கேட்டவர் இந்தச் சுரங்கத்தின் என்ஜினியர் துரை. மேட்டு நிலத்தில், கடலே கண்ணுக்கெட்டாத ஊரில், கடல் அளக்கும் பொறி எதற்கு என்று எல்லோரும் சிரித்தார்கள். காரணம் இருந்தது. பாலகாட் சுரங்கத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் சிறு சுரங்கத்தை ஒட்டி, யாரோ எப்போதோ தோண்டிக் கைவிட்ட பழைய குழி ஒன்று தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. மழைக்காலத்தில் அதன் மட்டம் உயர்ந்தால், நடுவிலுள்ள பாறைப் பிளவுகளின் வழியே தண்ணீர் ஆட்கள் இறங்கும் எங்கள் ஷாப்டின் அடித்தட்டான கடைசி லெவலுக்குள் பாயும். ஆகவே பழைய குழி எவ்வளவு உயர்கிறது என்று எப்போதும் தெரிந்திருக்க வேண்டும். ஓர் எல்லையைத் தாண்டினால் கீழே இருப்பவர்களை உடனே மேலேற்ற வேண்டும். கடலில் மிதந்த செப்பு மிதவை குழியில் மிதந்தது. பொறியோடு சவரிமுத்துவை அழைத்தார்கள். அளக்கும் ஆளும் கூட வரவேண்டும் என்று சவரிமுத்து சொன்னார். அப்போது தங்கவயலின் மாரிகுப்பத்துக்கு ரயில் கிடையாது. பெரிய ரயில் பாதையில் இறங்கி மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தேன்.

இங்கே வேலை சிறிது மாறியது. உருளையின் காகிதத்தில் சவரிமுத்து சிவப்பு மையால் ஒரு கோடு போட்டிருந்தார். பேனா அதைத் தொட்டால் நான் ஷாப்டின் வாயில் நிற்கும் மணிக்காரருக்குச் சொல்ல வேண்டும். அவர் கயிற்றை இழுத்து, எல்லோரும் மேலே வரும்படி கீழே மணி அடிக்க வேண்டும். என் கொட்டகையிலிருந்து ஷாப்டுக்கு ஒரு தகரக் குழாய் போட்டிருந்தார்கள். அதன் வழியாகத்தான் பேச்சு. பக்கத்து என்ஜின் வீட்டின் இரைச்சலில் நீளமாகப் பேசினால் எதுவும் கேட்காது. எனவே ஒரே சொல், மூன்று முறை என்பது சவரிமுத்து வகுத்த முறை. தண்ணீர் உயர்ந்தால் 'ஏத்தம்', இறங்கினால் 'வத்தம்'. எங்கள் கடற்கரையில் கடல் ஏறுவதும் வற்றுவதும் இந்த இரண்டு சொற்கள்தாம். துடுப்புப் பிடிக்கத் தெரியாத குழந்தைக்கும் தெரியும். துரையிடம் அந்தச் சொற்களுக்கு இங்கிலீஷில் பொருள் சொல்லி ஒப்புதலும் வாங்கியிருந்தார்.

முதலில் இருந்த மணிக்காரர் ஒரு ஆங்கிலோ இந்தியர், எங்கள் பேச்சில் சட்டைக்காரர். அவரிடம் நாங்கள் இங்கிலீஷிலேயே சொல்லி வந்தோம். அவர் பக்கத்துச் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்துக்கு மாறிப் போன பிறகு அந்த இடத்துக்கு முனுசாமி வந்தார். குடியாத்தம் பக்கத்தவர், நிலம் கைவிட்டுப் போனபின் தம்பி எல்லப்பனோடு சுரங்கத்துக்கு வந்தவர். பருத்த குரல், எதிலும் ஒரு வேடிக்கை. குழாய் வழியாக என்னிடம் பேசுவதே அவருக்கு விளையாட்டு. "இன்னாம்மா, பேப்பர் இன்னா சொல்லுது? எனக்கு எப்போ கல்யாணம்?" என்பார், அவருக்கு மணமாகி மூன்று குழந்தைகள் இருந்தன.

அவர் வந்த புதிதில் ஒருநாள் நண்பகல் வேளையில் கொட்டகை வாசலில் நின்று பொறியைப் பார்த்தார். எல்லப்பனும் இருந்தார், சாப்பாட்டு வாளியை அண்ணனிடம் கொடுக்க வந்தவர். இது முன்பு கடலில் இருந்தது என்றேன். கடலில் இதற்கு என்ன வேலை என்று முனுசாமி கேட்டார்.

"கடல்ல தினம் ஏத்தமும் வத்தமும் உண்டு முனுசாமி. அதை எழுதும்."

"கடலுக்கே ஏத்தமா!" என்று முனுசாமி வாயைப் பிளந்தார். "எத்தினி ஆளும்மா மிதிப்பாங்க? அந்தத் தண்ணியெல்லாம் எறைச்சி எந்தக் கொல்லைக்குப் பாய்ச்சுவாங்க?"

"உன்னைத்தான் கூப்டணுமாம், போ" என்றார் எல்லப்பன். "வூட்டு மாடு மேய்க்க முடில, கடல எறைக்கப் போறான்."

நான் சிரித்தேன். உள்ளே காகிதம் மாற்றிக்கொண்டிருந்த சவரிமுத்துகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார், சிரித்திருக்கலாம். முனுசாமியின் எண்ணற்ற வேடிக்கைகளில் அதுவும் ஒன்று என்று விட்டுவிட்டோம். பிறகு சவரிமுத்து கை உலர்த்திக்கொண்டே வந்து, மணிக்காரருக்குரிய முறையை அவருக்கு விளக்கினார். அந்தப் பேச்சு எனக்கு இன்றும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.

"அம்மா குழாயில ஏத்தம்னு சொல்வாங்க. அப்போ நீ செய்ய வேண்டியது தெரியும்ல?"

"தெரியும் சாமி. நம்ம ஊரு சொல்லுதானே. அது தெரியாமலா?"

"எல்லாரும் மேல வரணும்னா மணி எப்படி?"

முனுசாமி கையால் கயிற்றை இழுப்பதுபோல் காட்டி, வாயாலேயே அடித்துக் காட்டினார். அது சரியாக இருந்தது. சவரிமுத்து தலையசைத்து உள்ளே போனார்.

அந்த வருடத்து ஐப்பசி மழை நிற்காமல் பெய்தது. பழைய குழியில் தண்ணீர் உயராமலிருக்க, குழியின் அந்தப் பக்கம் ஒரு சிறிய என்ஜினை வைத்துப் பெரிய வாளிகளால் இறைப்பது வழக்கம். அந்த என்ஜின் என் கண்ணுக்கும் தெரியாது, ஷாப்டின் வாயிலிருந்தும் தெரியாது, கல்மேடு மறைக்கும். ஒரு பிற்பகலில் அந்த என்ஜினின் வார் நனைந்து வழுக்கி, இறைப்பது நின்றுவிட்டது. அது எங்களுக்குத் தெரியாது. பேனாவுக்கு மட்டும் தெரிந்தது. அதன் கோடு எழுந்து நடப்பதுபோல் மேலே போயிற்று, சிவப்பைத் தொட்டது. நான் குழாயில் வாய் வைத்துச் சொன்னேன்:

"ஏத்தம்! ஏத்தம்! ஏத்தம்!"

"ஆகட்டும்மா!" என்று முனுசாமியின் குரல் தெளிவாக வந்தது.

தகரக் கூரையில் விழுந்த மழையில் மணிச்சத்தம் எனக்குக் கேட்க வழியில்லை. கோடு சிவப்பைத் தாண்டி இன்னும் ஏறியது. மனம் கேட்காமல் மறுபடியும் குழாயில் சொன்னேன்: "முனுசாமி, ஏத்தம் நிக்கல!"

"நிக்கவே வாணாம்மா! ஓடட்டும், நல்லா ஓடட்டும்!"

ஆட்கள் ஓடி வரட்டும் என்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அமைதியடைந்து கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அமைதியைத்தான் இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

தண்ணீர் கடைசி லெவலுக்குள் உடைத்துக்கொண்டு வந்தபோது கீழே இருந்தவர்கள் தாமாகவே அறிந்து, ஆட்களைத் தூக்கும் கேஜுக்கும் ஏணிக்கும் ஓடித் தப்பினார்கள். ஒருவர் வரவில்லை. பம்பின் வாயில் அடைத்த சேற்றை எடுக்கக் கடைசி மூலைக்குப் போயிருந்த எல்லப்பன். தண்ணீரை இறைத்துத் தள்ளிய பிறகே அவரை மேலே கொண்டுவந்தார்கள். அவர் உடலை முனுசாமிதான் தோளில் வாங்கினார்.

எல்லப்பனை அடக்கம் செய்தபின் விசாரணை நடந்தது. துரையின் அறையில் நீண்ட மேசை. ஒரு பக்கம் துரை, எதிரே நின்றபடி முனுசாமி, நடுவில் மொழிபெயர்க்கச் சவரிமுத்து, ஓரத்து நாற்காலியில் சாட்சியாக நான். அன்றைய காகிதம் மேசையில் விரித்திருந்தது. பேனா தன் கடமையைக் குறையின்றிச் செய்திருந்தது. தண்ணீர் உயரத் தொடங்கிய வேளையும், சிவப்பைத் தொட்ட வேளையும் யாரும் மறுக்க முடியாதபடி இருந்தன. நான் சொன்னதும் உறுதியாயிற்று. ஆகவே எஞ்சியது ஒரே கேள்வி: எச்சரிக்கை கேட்டும் மணி அடிக்காத மனிதனை என்ன செய்வது? குற்றம் உறுதியானால் அவரை மாஜிஸ்திரேட்டிடம் ஒப்படைப்பதாகத் துரை முதலிலேயே சொல்லிவிட்டார்.

கேள்விகளைத் துரை இங்கிலீஷில் கேட்டார். சவரிமுத்து தமிழில் கேட்டு, பதிலை இங்கிலீஷில் சொன்னார். மிஷன் பள்ளியின் புண்ணியத்தால் இரண்டு பக்கமும் எனக்கு விளங்கியது.

"அம்மா குழாயில என்ன சொன்னாங்க?"

"ஏத்தம்னாங்க சாமி. மூணு வாட்டி."

தண்ணீர் உயர்கிறது என்று சொன்னார்களாம், மூன்று முறை என்றார் சவரிமுத்து, துரையிடம்.

"அதைக் கேட்டு நீ என்ன நினைச்சே?"

"நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன் சாமி."

சவரிமுத்து ஒரு கணம் தயங்கினார். அவர் சொல்லைக் கூட்டவும் குறைக்கவும் அறியாதவர். நல்லதாயிற்று என்று நினைத்தானாம் என்று அப்படியே சொன்னார். துரை எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"உன் தம்பி கீழே இருக்கான்னு தெரியாதா?"

"தெரியாம இன்னா சாமி. அவன் கீழ கீறான்றதாலதான், ஏத்தம் ஓடுதேன்னு எனக்குத் தெம்பா இருந்துச்சி."

தம்பி கீழே இருந்ததால் தண்ணீர் உயர்வது அவனுக்குத் தெம்பாக இருந்ததாம் என்று இங்கிலீஷில் அந்த வாக்கியம் அறைக்குள் வந்து நின்றது. துரையின் முகம் வெளிறிவிட்டது. குரலைத் தாழ்த்தி, அண்ணன் தம்பிக்குள் பகை ஏதேனும் உண்டா என்று கேட்கச் சொன்னார்.

"உங்களுக்குள்ள சண்டை உண்டா?"

முனுசாமி களைத்த கண்களால் அவரைப் பார்த்தார். "எந்த வூட்ல இல்ல சாமி? போன மாசங்கூட ஆட்டுக்குட்டிக்கு அடிச்சிக்கினோம்."

அது இங்கிலீஷில் எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை. என் காதில் வேறொன்று கேட்டுக்கொண்டிருந்தது. 'கடலுக்கே ஏத்தமா! எத்தினி ஆளும்மா மிதிப்பாங்க?' வேடிக்கை என்று நாங்கள் சிரித்த அந்தக் கேள்வியை முனுசாமி அன்று ஒழுங்காகத்தான் கேட்டிருந்தார். நான் எழுந்து, முனுசாமியிடம் ஒன்று கேட்க அனுமதி வேண்டினேன். துரை சலிப்போடு கையசைத்தார்.

"முனுசாமி, உங்க ஊர்ல ஏத்தம்னா என்ன?"

நான் அவரைக் கேலி செய்கிறேன் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

"இன்னாம்மா, தெரியாத மாதிரி கேக்கறீங்க? கெணத்துல தண்ணி எறைக்கறது. மேல மரத்துமேல ஒருத்தன் மிதிச்சிக்கினு நடப்பான், கீழ ஒருத்தன் சால் புடிச்சி ஊத்துவான். நானும் எல்லப்பனும் எறைக்காத ஏத்தமா?"

"இங்க பழைய குழியில வாளியால எறைக்கிறாங்களே, அதுக்குப் பேரு?"

"அதுவும் ஏத்தந்தான். நம்ம ஆளுங்க எல்லாரும் அப்படித்தானே சொல்றோம். அந்த ஏத்தம் ஓடினுகீதுன்னுதானே நீங்க குழாயில சொன்னீங்க? நின்னாத்தானே மணி அடிக்கணும்? நிக்கலன்னு வேற சொன்னீங்களே."

"ஏத்தம் ஓடினா தண்ணி என்ன ஆகும்?"

"கொறையும்மா. வேற இன்னா ஆவும்?"

சவரிமுத்து மொழிபெயர்க்கவில்லை. என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று துரை இரண்டாம் முறை கேட்ட பிறகும் அவர் அசையாமல் நின்றார். அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவர் அவர். அதற்குத் துரையிடம் பொருள் சொன்னவர் அவர். இப்போது ஒரு மனிதனின் வாயிலிருந்து வந்த உண்மையை எல்லாம் தலைகீழாக்கி மேசைமீது வைத்தவரும் அவரே. அவர் நினைத்திருந்தால், இது தப்புவதற்குச் சொல்லும் கதை என்று ஒரே வாக்கியத்தில் முடித்திருக்கலாம். துரை அவரைத்தான் நம்பியிருப்பார்.

சவரிமுத்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மேசையில் வைத்தார். முதலில் இங்கிலீஷிலும் பிறகு, முனுசாமியும் கேட்கவேண்டும் என்பதற்காகத் தமிழிலும் சொன்னார்:

"நான் சொன்ன பொருள் தவறு. என் ஊர்ல ஏத்தம்னா தண்ணி ஏறுறது. இவர் ஊர்ல தண்ணியை எறைக்கிறது. இதுவரைக்கும் நான் மொழிபெயர்த்ததை அடிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். பக்கத்துல இதை எழுதிக்குங்க. முதல் கேள்வியிலிருந்து மறுபடியும் கேக்கணும்."

அவர் முனுசாமியை 'இவர்' என்று சொன்னது அதுவே முதல் முறை. பிறகு அதே கேள்விகள், அதே வரிசையில், அதே பதில்கள். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். தம்பி கீழே இருந்ததால் தெம்பாக இருந்தது. ஒரு சொல்லும் மாறவில்லை. இம்முறை அவற்றைக் கேட்ட துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விபத்து என்று எழுதி முடித்தார்கள். வெளியே மழை விட்டிருந்தது. படியில் உட்கார்ந்திருந்த முனுசாமியிடம், உம்மேல் குற்றமில்லை என்று எழுதிவிட்டார்கள் என்றேன். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நம்பினேன்.

"அப்போ யாரு மேலயும் குத்தம் இல்லியாம்மா?"

"இல்ல."

"குத்தம் பண்ணவன்னு ஒருத்தன் இருந்தா, அவன ஏசிக்கினாவது காலத்த ஓட்டலாம்" என்றார். "இப்போ யார ஏசறது? உங்க கடலையா, எங்க கெணத்தையா?"

பக்கத்தில் வந்து நின்ற சவரிமுத்து, "தெரியாது" என்றார்.

அதற்குப்பின் குழாயில் சொல்லும் சொல்லை மாற்ற வேண்டியிருந்தது. சவரிமுத்து கொட்டகையில் என்னையும் முனுசாமியையும் உட்காரவைத்து, அகராதியிலிருந்து ஒவ்வொரு சொல்லாக எடுத்தார். ஒவ்வொன்றையும் முனுசாமியிடம் சொல்லி, உங்கள் ஊரில் இதற்கு என்ன பொருள் என்று கேட்டார். அருகில் வேலை செய்த தெலுங்குக்காரரையும் கன்னடக்காரரையும் அழைத்துக் கேட்டார். எந்தச் சொல்லும் அவருக்கு நிறைவளிக்கவில்லை. அஞ்சினார் என்றே சொல்லலாம். கடைசியில் முனுசாமி, "தண்ணி இன்னா பண்ணுதுன்னு எனக்கு வாணாம் சாமி. ஆளுங்க இன்னா பண்ணணும், அத்த மட்டும் சொல்லுங்க" என்றார். 'மேல வா' என்பது அப்படி வந்தது. சவரிமுத்து இறக்கும்வரை ஏத்தம் என்ற சொல்லை மறுபடியும் உச்சரித்து நான் கேட்டதில்லை.

மணிக்கயிற்றைப் பிடிக்க முனுசாமிக்கு மனமில்லை. வேறு வேலை கேட்டார், கிடைக்கவில்லை. அதன்பின் வந்த மழைக்காலங்களில் பலமுறை பேனா சிவப்பைத் தொட்டது. பலமுறை நான் "மேல வா" என்று சொன்னேன். ஒவ்வொரு முறையும் ஆட்கள் பத்திரமாக மேலே வந்தார்கள். வேடிக்கைப் பேச்சு மட்டும் குழாயில் வரவில்லை. ஒரு மழைநாளில் கொட்டகையை இன்னொருவரிடம் விட்டு ஷாப்டுப் பக்கம் போனபோது பார்த்தேன்: முனுசாமி கயிற்றை இழுத்து மணியடித்த பிறகு, குழியின் விளிம்பில் குனிந்து, "மேல வா!" என்று உரக்கக் கூவினார். அவ்வளவு ஆழத்துக்கு எந்த மனிதனின் குரலும் எட்டாது, மணி போதும். பார்த்ததாக நான் காட்டிக்கொள்ளவில்லை.

சென்ற மாதம் மின்சார மணியைச் சோதித்தார்கள் என்றேன் அல்லவா? புதிய என்ஜினியர் ஒருவர், மிதவையைக் கையால் உயர்த்திக் காட்டினார். யாரும் எதுவும் சொல்லாமல், யாரும் எதையும் இழுக்காமல், மேலேயும் கீழேயும் மணி அடித்தது. நல்ல மணி. தமிழோ தெலுங்கோ கன்னடமோ அதற்கு வேண்டியதில்லை. வடார்க்காட்டுக்காரருக்கும் கடற்கரைக்காரருக்கும் அது ஒன்றையே சொல்லும். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். என் பேனாவைக் கழற்றி ஒரு பெட்டியில் வைத்துவிட்டார்கள். வருத்தம் என்று சொல்ல முடியாது. நெடுநாள் சுமந்ததை இறக்கி வைத்தபின் தோளில் இருக்கும் வலியைப் போன்ற ஒன்று.

கூட்டம் தேநீருக்கு நகர்ந்தது. முனுசாமிக்கு இப்போது தலை முழுவதும் நரை. மணிக்கயிறு இல்லாத கைகளை என்ன செய்வதென்று அறியாமல் ஓரமாக நின்றிருந்தார். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. நிறுத்தத் தெரிந்தவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் மெல்ல நடந்து ஷாப்டின் விளிம்புக்குப் போனார். கம்பியைப் பிடித்துக் குனிந்தார். அன்று கீழே ஒருவரும் இல்லை. சோதனைக்காக எல்லோரையும் காலையிலேயே மேலேற்றியிருந்தார்கள்.

"மேல வாடா" என்றார்.